ஷேர்பாயிண்ட் லிஸ்டில் பதிவு சேர்க்க எந்த வழி? தப்பு நடந்தால் வாய்திறக்கும் வழி

ஒரு தளத்தில் கொள்முதல் விண்ணப்பத்துக்கு ஒப்புதல் கிடைத்ததும், நிதிப் பிரிவின் தளத்தில் உள்ள லிஸ்டில் தானாகவே ஒரு பதிவு விழ வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் அலுவலகத் தளமான ஷேர்பாயிண்டில் ஒர்க்ஃப்ளோ (தானாக ஓடும் வேலைத் தொடர்) கட்டுகிற எவருக்கும் இந்த வேலை சீக்கிரமே வந்து சேரும். வழிகள் நாலைந்து இருக்கின்றன. எல்லாமே பதிவைச் சேர்த்துவிடும். சேராமல் போகிற நாளில் எது அதைச் சொல்கிறது, எது கமுக்கமாக இருந்துவிடுகிறது என்பதை வைத்துத்தான் நான் தரம் பிரிப்பேன்.

மைக்ரோசாஃப்ட்டின் ஒர்க்ஃப்ளோ கருவியான பவர் ஆட்டோமேட்டின் ‘கிரியேட் ஐட்டம்’ ஆக்‌ஷனில் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை, அதுவே அதன் பெருமை. தளத்தையும் லிஸ்டையும் தேர்ந்தெடுத்தால் புலங்கள் கட்டம் கட்டமாக வந்து நிற்கும், நிரப்ப வேண்டியதுதான். கட்டாயப் புலம் காலியாக இருந்தால் அந்தப் படி சிவப்பாகி நின்றுவிடும். லிஸ்ட் எதுவென்று முன்கூட்டியே தெரிந்தால் வேறு வழியைத் தேடவே வேண்டாம். லிஸ்டின் பெயர் ஓடும்போதுதான் தீர்மானமாகும் என்றால்தான் சிக்கல். ஒவ்வொரு துறைக்கும் தனி லிஸ்ட் வைத்து, பெயரை ஒரு மாறியிலிருந்து கொடுத்துப் பாருங்கள்: கட்டங்கள் காணாமல் போய்விடும். அங்கேதான் வெப் சர்வீஸ் அழைப்புக்கு, அதாவது சர்வருக்கு நேராகக் கோரிக்கை அனுப்புவதற்கு, வேலை வருகிறது.

பழைய வழி சோப் (SOAP), எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு வடிவில் கோரிக்கை அனுப்பும் முறை. ‘லிஸ்ட்ஸ்’ சர்வீஸில் ‘அப்டேட் லிஸ்ட் ஐட்டம்ஸ்’ என்ற மெத்தடை அழைக்க வேண்டும். சொந்த சர்வரில் ஷேர்பாயிண்ட் ஓட்டிய அலுவலகங்களில் நின்டெக்ஸ் என்ற ஒர்க்ஃப்ளோ கருவியின் ‘கால் வெப் சர்வீஸ்’ ஆக்‌ஷன் வழியாக இதைச் செய்தவர்கள் ஏராளம். அனுப்புவது ஒரு எக்ஸ்எம்எல் துண்டு. வெளியே ‘பேட்ச்’, உள்ளே பதிவுக்கு ஒரு ‘மெத்தட்’, அதற்கு ஒரு எண், ‘நியூ’ என்ற கட்டளை, அப்புறம் புலம் புலமாக மதிப்புகள். ஒரே அழைப்பில் பல பதிவுகளைச் சேர்க்கலாம் என்பது நல்ல வசதி. ஆனால் உள்ளே ஒரு பதிவு தோற்றாலும் சர்வர் 200 (‘எல்லாம் சரி’ என்ற குறியீடு) என்றே பதில் அனுப்பும். ஒர்க்ஃப்ளோ பச்சையாகவே முடிந்துவிடும். பதிலுக்குள் இருக்கும் பிழைக் குறியீட்டை எடுத்து, எல்லாம் பூஜ்யமா என்று நாமே பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால், பதிவு விழவில்லை என்று மாதக் கடைசியில் நிதிப் பிரிவு சொல்லித்தான் தெரியவரும். புதிதாகக் கட்டும் எதற்கும் இந்த வழியைத் தொடக்கூடாது என்பது என் கட்சி. மைக்ரோசாஃப்ட்டும் புதிய வேலைகளுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை.

ரெஸ்ட் (REST) என்ற இன்னொரு வெப் சர்வீஸ் முறை இதில் நேர்மையானது. லிஸ்டின் ‘ஐட்டம்ஸ்’ முகவரிக்கு ஒரு ஜேசன் (தரவை எழுதும் எளிய உரை வடிவம்) துண்டை போஸ்ட் செய்தால், வெற்றிக்கு 201 வரும். இல்லாத புலத்தின் பெயரைக் கொடுத்தால் 400 (‘கோரிக்கை தவறு’) வரும், எந்தப் பெயர் தப்பு என்ற வரியோடு. பவர் ஆட்டோமேட்டில் ‘சென்ட் அன் ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட் டு ஷேர்பாயிண்ட்’ என்ற ஆக்‌ஷன் இதற்கென்றே இருக்கிறது. பொதுவான ‘ஹெச்டிடிபி’ ஆக்‌ஷனைப் போல இதற்குப் பிரீமியம் லைசென்ஸ் வேண்டாம். உள்நுழைவுத் தலைவலியும் இல்லை.

தொல்லைகள் உண்டு. ‘வெர்போஸ்’ வடிவில் அனுப்பினால் லிஸ்டின் உள்வகைப் பெயரையும் சேர்க்க வேண்டும். ‘நோமெட்டாடேட்டா’ என்று ஹெடரில் போட்டால் அது தேவையில்லை. வேறொரு லிஸ்டிலிருந்து மதிப்பை எடுக்கும் லுக்அப் புலத்துக்கு, பெயரின் கடைசியில் ‘ஐடி’ ஒட்டி எண்ணை அனுப்ப வேண்டும். லிஸ்டைப் பெயரால் அழைத்தால், யாராவது பெயரை மாற்றிய அன்று ஒர்க்ஃப்ளோ தோற்று நின்றுவிடும். அதனால் லிஸ்டின் அடையாள எண்ணால் அழைப்பதே பாதுகாப்பு.

தமிழில் லிஸ்ட் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சோப், ரெஸ்ட் இரண்டுமே திரையில் தெரியும் பெயரைப் பார்ப்பதில்லை, புலத்தின் உள்பெயரைத்தான் பார்க்கின்றன. புலத்தைத் தமிழ்ப் பெயரோடு உருவாக்கினால் ஒவ்வொரு எழுத்தும், கால்களும் கொம்புகளும் உட்பட, ஏழு குறிகள் கொண்ட சங்கேதமாக மாறும். உள்பெயருக்கு 32 குறிகள்தான் வரம்பு. ‘விண்ணப்பதாரர்’ என்று எழுதினால் ‘விண்’ தாண்டியதுமே வெட்டிவிடும். முதலில் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாகப் பெயரிட்டு உருவாக்குங்கள், பிறகு தமிழுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உள்பெயர் மாறாது.

ரெஸ்டுக்குள்ளேயே ‘ஆட் வேலிடேட் அப்டேட் ஐட்டம் யூசிங் பாத்’ என்று நீளமான பெயரோடு இன்னொரு மெத்தட் உண்டு. பதிவை நேராக ஒரு ஃபோல்டருக்குள் போட இதுதான் வசதி. ஆள் புலத்துக்கும் எண் தேடி அலைய வேண்டாம், மின்னஞ்சலை வைத்தே முடித்துவிடலாம். ஆனால் சோப்பின் அதே கெட்ட பழக்கம் இதற்கும் இருக்கிறது. ஒரு புலம் தோற்றாலும் 200 வரும், பதிலுக்குள் ‘ஹேஸ் எக்ஸெப்ஷன்’ மட்டும் ‘ட்ரூ’ என்றிருக்கும். தேதியைத் தளத்தின் வட்டார வடிவில் எடுத்துக்கொள்வதால் 05/06 என்பது மே மாதமா, ஜூனா என்பதைத் தளத்தின் அமைப்புதான் தீர்மானிக்கும். இதைப் பயன்படுத்தினால் அடுத்த படியிலேயே அந்த ‘எக்ஸெப்ஷனை’ச் சோதிக்கும் நிபந்தனையைப் போட்டுவிடுங்கள்.

மைக்ரோசாஃப்ட் சேவைகளுக்கான பொது வெப் சர்வீஸான மைக்ரோசாஃப்ட் கிராஃப் வழியாகவும் சேர்க்கலாம். ஷேர்பாயிண்டுக்கு வெளியே ஓடும் நிரலுக்கு அது பொருத்தம். ஒரு பேட்சில் (ஒரே தொகுப்பாக) 20 அழைப்புகள் வரை போகும். பவர் ஆட்டோமேட்டுக்குள் இருந்துகொண்டு அதைத் தேடிப் போக எனக்குக் காரணம் தெரியவில்லை.

பழைய ஒர்க்ஃப்ளோக்களை இடம் மாற்றுகிறவர்களும் இந்தக் கேள்வியைத்தான் சந்திக்கிறார்கள். ஷேர்பாயிண்ட் ஆன்லைனில் 2010 வகை ஒர்க்ஃப்ளோ 2020 நவம்பரில் நின்றது. 2013 வகைக்கு மைக்ரோசாஃப்ட் குறித்த கெடு 2026 ஏப்ரல் 2. 2013 வகையின் ‘கால் ஹெச்டிடிபி வெப் சர்வீஸ்’ படிகள் ரெஸ்ட் அழைப்புகளாக இருந்தால், முகவரியையும் ஜேசனையும் பெரிய மாற்றம் இல்லாமல் எடுத்துப் போகலாம். சோப்பில் எழுதியவர்கள் திரும்ப எழுத வேண்டியதுதான்.

எந்த வழியில் போனாலும் மறு முயற்சியை மறக்கக்கூடாது. ஷேர்பாயிண்ட் இணைப்புக்கு நிமிடத்துக்கு 600 அழைப்புகள் வரம்பு. தாண்டினால் 429 (‘அழைப்புகள் மிகுதி’) வரும், பவர் ஆட்டோமேட் தானே மறுபடி முயலும். 429 வந்தால் பதிவு விழவில்லை என்று நம்பலாம். 500 வகைப் பிழையில் (சர்வர் பக்கக் கோளாறு) அந்த உத்தரவாதம் கிடையாது: பதிவு விழுந்த பிறகு பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம், மறு முயற்சியில் அதே விண்ணப்பம் இரண்டாவது வரியாக வந்து உட்காரும். விண்ணப்ப எண்ணுக்கு ஒரு புலம் வைத்து, அதில் ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்ற அமைப்பைப் போட்டுவிட்டால், அந்த இரண்டாவது பதிவை லிஸ்டே ஏற்காது.