இலவச நகர இசை விழா: வாசலில் கட்டணம் வேண்டாம்

இலவச விழாக்களில் பணப் பற்றாக்குறையால் முதலில் அடிபடுவது ஒலிதான். மேடையிலிருந்து 50 மீட்டர் தள்ளி நிற்பவருக்குச் சத்தம் வந்துசேர ஏறக்குறைய 0.15 நொடி ஆகும். அங்கே வைக்கும் துணை ஸ்பீக்கரில் ஒலியை அதே அளவு தாமதித்து விடாவிட்டால் ஒவ்வொரு தாள அடியும் இரண்டாகக் கேட்கும். காசு தேவைப்படுவது இதற்கும் கழிப்பறைக்கும்தான். அதற்காக நுழைவுச்சீட்டு போட்டால், திடலைச் சுற்றித் தடுப்பு, ஸ்கேனர், காவலாட்கள் என்று வசூலில் கணிசமான பங்கு வாசலிலேயே கரைந்துவிடும். மழை வந்தால் பணத்தைத் திருப்பித் தரும் தலைவலி வேறு. போகிற வழியில் நின்று இரண்டு பாட்டு கேட்டுப் போகிறவர்கள் வரவே மாட்டார்கள். அவர்கள்தான் இந்த விழாவின் உயிர். மேடைக்கு முன்னால் நாற்காலி போட்ட பகுதிக்கு மட்டும் கட்டணம் வாங்கலாம், கடை வாடகையை உயர்த்தலாம். ஆனால் அந்த நாற்காலிகள் பக்கவாட்டு வெளியேறும் வழிகளை அடைக்கவே கூடாது.