அப்பாவுக்காக இரண்டு இல்லங்கள்: பார்த்ததும் பணம் கட்டியதும்

முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்க வருகிறவர்கள் பாதிப் பேர் அதற்காகத்தான் வருவீர்கள். அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அல்சைமர், டிமென்ஷியா எனும் மறதி நோய்களில் ஒன்று. இப்போது சென்னைப் புறநகரில் டிமென்ஷியாவுக்கென்றே நடத்தும் ஒரு தனியார் இல்லத்தில் இருக்கிறார், இருவர் தங்கும் அறை. சேரும்போது காட்டிய விலைப்பட்டியலில் மாதம் ₹55,000. இன்று பில்லில் வருவது ₹80,000-ஐ ஒட்டி. அறை, சாப்பாடு, பொதுவான கவனிப்பு மட்டும்தான் பட்டியலில் இருக்கும் தொகை. டயப்பர், கையுறை, பிசியோதெரபி, ரத்தப் பரிசோதனை, ஆள் பிடித்துக் குளிப்பாட்டும் நிலை வந்ததும் ஏறிய 'ஹை கேர்' கட்டணம் எல்லாம் தனி. வருடாந்திர உயர்வு 'பத்து சதவீதம் வரை' என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஒரு வருடம்கூட அந்தப் பத்துக்குக் கீழே ஏறியதில்லை. பென்ஷன் கிட்டத்தட்ட பாதியைத் தாங்கும். மீதிக்கு எங்கள் வில்லிவாக்கம் வீட்டிலிருந்து வரும் வாடகையும் மஸ்கட்டிலிருந்து அண்ணன் அனுப்புவதும்.

இதற்கு முன்னால் கோவைப் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பில் இருந்தார். அம்மா போன பிறகு, அப்பாவுக்கு மறதி லேசாகத் தொடங்கியிருந்த சமயம். வாங்குவதா வாடகையா என்று பேச்சு வந்தபோது வாடகைதான் என்று அண்ணன் பிடிவாதமாக நின்றான், அதற்கு இன்றுவரை அவனுக்கு நன்றி சொல்கிறேன். நல்ல இடம்தான், குறை சொல்ல மாட்டேன். காலையில் நடை, சின்னதாக ஒரு கோவில், பேப்பர் படிக்கக் கூட்டம், பொங்கல் நிஜமாகவே நன்றாக இருக்கும். தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிற, பேச்சுத்துணை மட்டும் வேண்டிய எழுபது வயதுக்காரருக்கு இன்றைக்கும் தைரியமாகச் சொல்வேன். ஆனால் அங்கே கிடைப்பது வீடும் சாப்பாடும்தான், கவனிப்பு இல்லை.

மாலை ஐந்து மணி ஆனால் அப்பாவுக்கு டியூட்டி ஞாபகம் வந்துவிடும். பொழுது சாயும் நேரத்தில் தடுமாற்றம் கூடுவது இந்த நோயில் சகஜம். சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டில் போய் நிற்பார், செக்யூரிட்டி தம்பி நல்லவிதமாகப் பேசித் திருப்பி அழைத்து வருவார். ஒருநாள் அந்தத் தம்பி லீவு, அப்பா மெயின் ரோடு வரை போய்விட்டார். அடுத்த வாரம் நிர்வாகத்திடமிருந்து மெயில்: சொந்தச் செலவில் 24 மணி நேரமும் ஆள் போடுங்கள், முடியாவிட்டால் காலி செய்யுங்கள். விளம்பரத் தாளில் 'வாழ்நாள் முழுக்க உங்களோடு' என்று போட்டிருந்தார்கள். ஒப்பந்தத்தில் இருந்தது 'சுயமாக இயங்கும் வரை'. ஏஜென்சி மூலம் ஆள் போட்டோம், அந்தச் செலவு அங்கே நாங்கள் கட்டிய வாடகையைத் தாண்டியது, ஆளும் மாறிக்கொண்டே இருந்தார்கள், ஒவ்வொரு புது முகத்தையும் அப்பா திருடன் என்று நினைத்தார்.

அதனால் சென்னையில் தேடியபோது எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான் முதலில் கேட்டேன். இப்போது நடமாடுகிறவருக்கு என்ன விலை என்பது இருக்கட்டும், படுத்த படுக்கையாகி, குழாய் வழியாகச் சாப்பாடு கொடுக்கும் நிலை வந்தால் எவ்வளவு, அப்போதும் இங்கேயே வைத்துக்கொள்வீர்களா? இதை எழுத்தில் கேட்டால் பாதி இடங்களில் பேச்சு தோட்டத்துக்கும் யோகா வகுப்புக்கும் போய்விடுகிறது. எழுதிக் கொடுத்த இடத்தைத்தான் எடுத்தோம், ஆரம்ப விலை மற்றவற்றைவிடக் கூடுதலாக இருந்தும். இந்த நோய் வருடக்கணக்கில் போகும், போகப் போகச் செலவு ஏறத்தான் செய்யும், முதல் மாத பில்லை வைத்து ஒப்பிடுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இன்னொன்று, ராத்திரி போய்ப் பாருங்கள். பகலில் எல்லா இல்லமும் பளிச்சென்றுதான் இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் ஒரு தளத்துக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள், படுத்திருப்பவர்களைப் புரட்டிப் படுக்கவைத்த நேரத்தை எழுதும் தாள் இருக்கிறதா, அது நிஜமாக நேரத்துக்கு எழுதப்படுகிறதா அல்லது காலையில் ஒரே பேனாவில் மொத்தமாக நிரப்பப்படுகிறதா என்று பாருங்கள். அப்புறம், எல்லோரும் ரொம்ப அமைதியாகத் தூங்கினால் என்ன மாத்திரை என்று கேளுங்கள். க்வெட்டியபின் மாதிரி மனநோய் மாத்திரைகளை டிமென்ஷியா முதியவர்களுக்குக் கொடுத்தால் உயிராபத்து கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005-லேயே எச்சரித்திருக்கிறது. சில நேரம் வேறு வழியில்லாமல் டாக்டர் எழுதுவார், அது வேறு. ஆள் பற்றாக்குறைக்கு மாத்திரையால் ஈடு கட்டுவது வேறு.

மொழியையும் கவனியுங்கள். கவனிப்பாளர்களில் நிறையப் பேர் ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகள். அப்பாவுக்கு ரயில்வே ஹிந்தி கொஞ்சம் மிச்சம் இருப்பதால் ஒப்பேற்றிவிடுகிறார், பக்கத்துக் கட்டில் ஐயாவுக்குத் தமிழ் தவிர ஒன்றும் தெரியாது, தண்ணீர் கேட்டால்கூடச் சமயத்தில் யாருக்கும் புரிவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருவன் செய்ததைச் சொல்லியாக வேண்டும். ஐந்து மணிக்கு அப்பா எழுந்தால் அவன் ஒரு பழைய நோட்டை நீட்டுவான், "சார், சைன் ஆன்", அதாவது டியூட்டியில் ஏறும் கையெழுத்து. அப்பா கையெழுத்து போட்டு, நேரம் எழுதி, வண்டி லேட் என்று அவன் சொன்னதும் உட்கார்ந்து டீ குடிப்பார். எந்த விலைப்பட்டியலிலும் இது கிடையாது. அவன் வேலையை விட்டுப் போன மாதம் மறுபடியும் கதவைத் தட்ட ஆரம்பித்தார்.

சரி, காகித வேலை. அப்பா சார்பில் நாம் கையெழுத்து போட அதிகாரம் தரும் பவர் ஆஃப் அட்டர்னி வாங்கி வைத்தால் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவின்படி, பவர் கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும், அதாவது எப்போது நமக்குத் தேவையோ அப்போதுதான் அது செல்லாது. பிறகு உயர் நீதிமன்றம் போய்ப் பாதுகாவலராக நியமனம் வாங்க வேண்டும். நாங்கள் அப்பா கையெழுத்து போடும் நிலையில் இருந்தபோதே, பென்ஷன் கணக்கிலிருந்து எங்கள் கூட்டுக் கணக்குக்கு மாதாமாதம் தானாகப் பணம் போகும்படி எழுதிக் கொடுத்துவிட்டோம். டெபாசிட்டுகளில் 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்று இருந்தாலும், முதிர்வுக்கு முன் உடைக்க இரண்டு பேர் கையெழுத்தும் கேட்பார்கள், ஒருவர் போதும் என்று முன்கூட்டியே எழுதித் தராவிட்டால்.

நவம்பர் வந்தால் வாழ்நாள் சான்றிதழ், பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான அத்தாட்சி. 80 தாண்டிய மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம், அந்த மாதத்தையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஒரே நாளில் முடியாது. முகத்தைக் காட்டும் செயலியில் கண்ணைச் சிமிட்டச் சொல்லும். "அப்பா, கண்ணைச் சிமிட்டுங்க" என்றால் யாரைச் சொல்கிறேன் என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார். கடைசியில் சிரிப்பு மூட்டி, சிரிக்கும்போது கண் மூடித் திறந்ததில் வேலை முடிந்தது. அதுவும் முடியாவிட்டால் வங்கியையே வரச் சொல்லுங்கள், வருகிறார்கள்.

இன்சூரன்ஸ் இல்லத்துச் செலவுக்கு உதவாது, ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் அது. 70 வயதுக்கு மேல் எல்லோருக்கும் என்று 2024-ல் விரிவுபடுத்திய மத்திய அரசின் ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அப்படியே. அப்பாவின் மாத்திரைகள் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் கிடைத்துவிடுவதால் அந்தச் செலவு மிச்சம். வருமான வரியைப் பழைய முறையில் கட்டுகிறவர்களுக்கு, 80டிடிபி என்று எல்லோரும் சொல்லும் பிரிவில், டிமென்ஷியா பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று நரம்பியல் நிபுணர் எழுதிக் கொடுத்தால், சிகிச்சைச் செலவில் ₹1 லட்சம் வரை கழிவு உண்டு. பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் இல்லமாக இருந்து, மாதக் கட்டணம் ₹25,000-க்குள் இருந்தால் 60 தாண்டியவர்களுக்கு ஜிஎஸ்டி கிடையாது. டிமென்ஷியா கவனிப்பு அந்த விலையில் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

கையெழுத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது: ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்குக் கட்டணம் உண்டா? போன மழைக்காலத்தில் அப்பா ராத்திரியோடு ராத்திரியாக ஆளே மாறிப்போனார், உளறல், ஆட்கள்மேல் கோபம். நோய் முற்றிவிட்டது என்று நினைத்தோம். சிறுநீர்த் தொற்று. ஆஸ்பத்திரியில் ஒரு வாரத்துக்கு மேல் இருந்து பழைய நிலைக்கு வந்தார், இல்லத்தில் கட்டிலுக்கு முழுக் கட்டணமும் போட்டிருந்தார்கள், சாப்பாடு உட்பட. சண்டை போட்டதில் சாப்பாட்டுக் காசை மட்டும் கழித்தார்கள். இந்த வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மூன்று நாளுக்கு மேல் போனால் பாதிக் கட்டணம் என்று சேர்க்கச் சொல்லியிருக்கிறேன், மேனேஜர் ஹெட் ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.