பம்பைத் திறக்காத பம்ப் கடை: பழைய மினி டிராக்டரின் டீசல் கோளாறும் பொள்ளாச்சிப் பணிமனை ஒன்றின் வேலையும்

டீசலை அழுத்தி அனுப்பும் பம்பையும், அதை இன்ஜினுக்குள் தூவும் நாசிலையும் பழுது பார்க்கும் கடைகளைப் பற்றி விவசாயிகளிடம் பொதுவாக நல்ல பேச்சு இல்லை. உள்ளே போன பம்ப், டீசலை அழுத்தும் உருளையான எலிமெண்டும் அது வெளியேறும் டெலிவரி வால்வும் புதிதாகப் போடப்படாமல் வெளியே வருவதில்லை என்பதுதான் அவர்களுடைய குறை. அந்தக் குறை முற்றிலும் பொய்யும் அல்ல. பொள்ளாச்சியில் நான் வேலை கொடுத்த கடை இந்த வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டது. அதன் வேலைமுறை எங்கே சிறக்கிறது, எங்கே இன்னும் தேற வேண்டும் என்று எழுதிவைத்தால், தென்னந்தோப்புகளில் பழைய மினி டிராக்டரை வைத்துக்கொண்டு திணறுகிறவர்களுக்குப் பயன்படும்.

வண்டி மூன்று சிலிண்டர், 18 குதிரைத்திறன். மரங்களுக்கு இடையில் வட்டப்பாத்தியை ஒட்டித் திரும்பக்கூடிய அளவுள்ள, வயதான டிராக்டர். காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பிவிடும். மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரை இறக்கி அரைமணி நேரம் ஓட்டியதும் சத்தம் தாழும், இழுவை குறையும், பிறகு மூச்சு வாங்குவதுபோல் இரண்டு முறை ஏறி இறங்கி நின்றுவிடும். பில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி ஏர் எடுத்தால், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினால், மறுபடியும் ஓடும், ஆனால் சிறிது நேரத்தில் அதே கதை. முதலில் பார்த்த மெக்கானிக் பம்பின் எலிமெண்ட் தேய்ந்துவிட்டது என்றும், மூன்றையும் மாற்றி, டீசல் அளவைச் சீராக்கும் காலிபிரேஷன் செய்யாமல் வேறு வழியில்லை என்றும் சொல்லிவிட்டார். அவர் சொன்ன தொகையைக் கேட்டபோது, வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

பம்பை மட்டும் கழற்றிக்கொண்டு வரலாமா என்று பொள்ளாச்சிக் கடைக்குத் தொலைபேசியில் கேட்டபோது கிடைத்த பதில் எனக்குப் பிடித்திருந்தது: “பம்பை மட்டும் கொண்டாந்தா பம்பைப் பத்தித்தானுங்க சொல்ல முடியும். வண்டியோட வாங்க, டேங்கிலிருந்து பார்த்துட்டு வந்தரலாம்.” சின்ன யானை எனப்படும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வாடகை தனியாக ஆனது உண்மைதான். ஆனால் முழு வண்டியும் கண்முன் நின்றதால்தான் பம்புக்கு வேலையே இல்லை என்பது தெரியவந்தது.

கடைக்காரர் ஸ்பானரை எடுக்கும் முன் கேட்ட முதல் கேள்வி, இன்ஜின் சூடாக இருக்கும்போது நின்றுபோனால் உடனே ஸ்டார்ட் ஆகிறதா என்பது. இந்தக் கேள்வியில் பாதி நோயறிதல் அடங்கியிருக்கிறது. பம்புக்குள் ஏறி இறங்கும் எலிமெண்டுக்கும் அதன் உறைக்கும் இடையேயுள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. அது தேய்ந்துவிட்டால், சூட்டில் இளகிய டீசல் அந்த இடுக்கின் வழியே பின்வாங்கி, நாசிலைத் திறக்கப் போதுமான அழுத்தம் எழாமல் போகும். அதனால் தேய்ந்த பம்ப் உள்ள வண்டி குளிரில் ஓரளவு ஒத்துழைத்தாலும் சூட்டில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும். எங்கள் வண்டியோ ஏர் எடுத்த அடுத்த நொடியே, சூட்டோடு சூடாக, முழுச் சத்தத்துடன் எழுந்துவிடும். அவர் அடுத்துக் கேட்டது புகையைப் பற்றி. செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். புகையே இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்கு வந்து சேரவில்லை. நின்றுபோன பிறகு செல்ஃப் அடித்தால் எங்கள் வண்டியில் புகை வருவதில்லை என்று சொன்னதும், பார்க்கவேண்டிய இடம் பம்புக்கு முன்னால் இருக்கிறது என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

அதன்பின் நடந்த சோதனைகளில் எதற்கும் விலையுயர்ந்த கருவி தேவைப்படவில்லை. வண்டியை ஓடவிட்டு, சத்தம் தாழத் தொடங்கியபோது டேங்கின் மூடியைத் திறந்து பார்த்தார். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசல் இறங்க மறுக்கும், மூடியைத் திறந்ததும் சரியாகிவிடும். அது காரணமில்லை. அடுத்து, டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயைப் பில்டர் பக்கத்தில் கழற்றி ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் விட்டார். டீசல் முதலில் பெருவிரல் கனத்துக்குக் கொட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுண்டுவிரல் அளவாகி, கடைசியில் நூலாக இழைந்தது. பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது அடியில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் கறுப்பாக, பாசிபோல வழவழப்பாக ஒரு படலம் மிதந்தது. டேங்கில் தண்ணீர் தங்கினால் அந்தச் சந்திப்பில் நுண்ணுயிர்கள் வளர்ந்து இத்தகைய சேறு உண்டாகும். அதுவும் டேங்கின் உட்புறத்திலிருந்து உதிர்ந்த துருச் செதில்களும் சேர்ந்து வெளியேறும் துளையிலுள்ள சல்லடையை அடைத்திருந்தன. வண்டி ஓட ஓட டீசலின் ஓட்டம் குப்பையைச் சல்லடைமீது இழுத்துவைக்கும். நின்றதும் குப்பை மெல்ல விலகும். அரைமணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

பல கடைகள் இந்த இடத்தில் டேங்கைக் கழுவி அனுப்பியிருக்கும். இவர் நிற்கவில்லை. பழைய ரப்பர் குழாய்க்குப் பதிலாக ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்தி ஓடவிட்டபோது, சிறுசிறு காற்றுக் குமிழிகள் வரிசையாகப் போவது தெரிந்தது. பழைய குழாயை அதன் கிளிப் இருந்த இடத்தில் வளைத்துக் காட்டினார்; மயிரிழை போன்ற வெடிப்புகள் வாய் திறந்தன. அங்கே டீசல் ஒரு சொட்டும் ஒழுகியதில்லை என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. சல்லடை அடைத்துக்கொண்டு பம்ப் கடுமையாக உறிஞ்சும் நிலையில், வெடிப்பின் வழியே டீசல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். பில்டரோடு குழாயை இணைக்கும், நடுவில் துளையுள்ள பாஞ்சோ போல்ட்டில் இருந்த செம்பு வாசர்களும் பலமுறை இறுக்கியதில் தட்டையாகிப் போயிருந்தன. இப்படி இரண்டு கோளாறுகள் ஒன்றுக்கொன்று கைகொடுத்துக்கொண்டிருக்கும்போது, ஒன்றை மட்டும் சரிசெய்து அனுப்பினால் வண்டி ஒரு மாதத்தில் திரும்பி வந்திருக்கும்.

நாசில் சோதனை இந்தக் கடையின் பலம். கையால் நெம்பும் சோதனைக் கருவியில் ஒவ்வொரு நாசிலாகப் பொருத்தி, அழுத்தமானியின் முள் எந்த இடத்தில் விழுகிறது என்பதை நம்மையே பார்க்கச் சொல்கிறார்கள். இவ்வகைப் பழைய சிறு இன்ஜின்களில் நாசில் பெரும்பாலும் 120 முதல் 150 பார் வரையுள்ள அழுத்தத்தில் திறக்கும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின்களில் அது 200 பாரைத் தொடும், தாண்டவும் செய்யும். நல்ல நாசில் கீச்சென்ற ஒலியோடு மெல்லிய பனிப்புகையாகத் தூவி, கடைசியில் நுனி உலர்ந்தபடி நிற்க வேண்டும். எங்களுடைய இரண்டு நாசில்கள் சுத்தம் செய்ததும் அப்படியே தூவின. மூன்றாவது பக்கவாட்டில் சாய்ந்து பீய்ச்சி, நுனியில் ஒரு சொட்டைத் தொங்கவிட்டது. அதை மட்டும் மாற்றி, உள்ளே மெல்லிய வாசர் சேர்த்து மூன்றையும் ஒரே அழுத்தத்துக்குக் கொண்டுவந்தார்கள். பாரம் ஏறும்போது வந்துகொண்டிருந்த கரும்புகை குறைந்தது இதனால்தான்.

பம்பைச் சோதித்து அளவு சரிசெய்யும் பம்ப் பெஞ்ச் கடையிலேயே இருக்கிறது. பம்பைக் கழற்றி அதில் ஏற்றியிருந்தால் பில் பல மடங்கு ஆகியிருக்கும், நாங்களும் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டோம். அவர்கள் பம்பின் சீலைத் தொடவே இல்லை. டேங்க் கழுவியது, குழாய்கள், வாசர்கள், பில்டர், ஒரு நாசில், கூலி என அனைத்தும் சேர்ந்து, முதல் மெக்கானிக் பம்புக்கு மட்டும் கேட்டதில் சிறுபகுதிதான். வழவழப்புக்காக டீசலில் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்கச் சொல்லும் வழக்கத்தையும் இங்கே காணோம். 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுவதும் விற்கும் பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6 மாசுக்கட்டுப்பாட்டுத் தரம்) டீசலில் கந்தகம் 10 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்குள்) இருக்க வேண்டும் என்பதால், வழவழப்பு போய்விட்டது, பழைய பம்புகள் தாங்காது என்று ஒரு பேச்சு ஊரெங்கும் ஓடுகிறது. கந்தகம் நீக்கும் முறையில் இயல்பான வழவழப்பு குறைவது உண்மை. அதை ஈடுசெய்யும் சேர்மானங்களைச் சுத்திகரிப்பு ஆலையிலேயே கலந்து, தர அளவுக்குக் கொண்டுவந்துதான் விற்கிறார்கள். டேங்க் அடியில் தண்ணீரை வைத்துக்கொண்டு டீசலின் தரத்தைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

குறைகளும் உண்டு. நாசில்களின் அழுத்த அளவை எழுதித் தருவதில்லை. நாமே கேட்டு, நாமே குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள்தான் ஆதாரம் என்பதால் இது சிறிய குறை அல்ல. பில்டர் எந்தத் தயாரிப்பு என்று கேட்டதற்குத் தெளிவான பதில் வரவில்லை. ஆகவே பில்டரை நீங்களே நல்ல கடையில் வாங்கிக்கொண்டு போவது நல்லது. இதைவிடக் கவலை தந்தது, நாசில் சோதிக்கும் பையன் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பீய்ச்சலுக்கு அருகிலேயே விரலை வைத்திருந்தது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்வைக்கு ஊசி குத்தியதுபோல் இருந்தாலும், உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரலாம். இவ்வளவு நிதானமாக நோய் கண்டறியத் தெரிந்த கடைக்காரர் இதைக் கண்டுகொள்ளாமல் இருப்பது ஏற்கத்தக்கதல்ல. அவரிடமே சொன்னேன், தலையாட்டினார்.

வேலை முடிந்து வந்தபின் வண்டி மதியம்வரை நிற்காமல் ரொட்டவேட்டர் இழுக்கிறது. ஏர் எடுக்கும் திருகைத் தொடவேண்டி வரவில்லை. டேங்குக்கும் பில்டருக்கும் நடுவில், தண்ணீர் தங்கும் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைப் பொருத்தச் சொன்னார்கள், பொருத்தியிருக்கிறோம். மாலையில் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பிவைத்தால் இரவில் காற்றின் ஈரம் உள்ளே படிந்து தண்ணீராக இடமிருக்காது என்பதும் அவர்கள் சொன்னதே. மழைக்குப் பின் உழவு தொடங்கும் நாள்களில் கடையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் என்பதால், போகிறவர்கள் அதற்கு முன்பே தொலைபேசியில் நாள் கேட்டுக்கொண்டு, டேங்கைக் கழுவாமல், அழுக்கோடு அப்படியே வண்டியைக் கொண்டுபோக வேண்டும்.