ஓட்டுநர் இல்லாத டாக்சி: ஏறவில்லை, முன்னால் நடந்தேன்

போன மாதம் அம்மாவோடு சான் பிரான்சிஸ்கோவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஓடும் ஓட்டுநர் இல்லாத டாக்சியில் ஏறியவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள், நான் சொல்வது அதன் முன்னால் சாலையைக் கடந்ததைப் பற்றி.

சிக்னல் இல்லாத கிராசிங். அம்மாவுக்கு 74 வயது, தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்காரர். கையை உயர்த்துவார், ஓட்டுநரின் முகத்தைப் பார்ப்பார், அவர் தலையாட்டிய பிறகுதான் காலை எடுத்து வைப்பார். அமெரிக்காவில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் முதலில் எதிர்த்திசையைப் பார்த்தார், திரும்புவதற்குள் கார் கோட்டுக்கு நன்றாக முன்பே நின்றுவிட்டது. அம்மா கையை உயர்த்தினார். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் காலி இருக்கை. உயர்த்திய கையோடு அப்படியே நிற்கிறார், காரும் நிற்கிறது.

"யாரும் இல்லையேடா, யாரைக் கேட்டுப் போறது?"

கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். முட்டிவலியோடு அவர் எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறும்வரை ஹார்ன் இல்லை, ஓர் அங்குலம்கூட முன்னால் நகரவில்லை. நம் ஊர் மினிபஸ் டாக்சியாக இருந்தால் அதற்குள் மூன்று முறை ஹார்ன் அடித்திருப்பார்கள். பொறுமைக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

ஆனால் காருக்குப் பேசத் தெரியவில்லை. வழிவிடும்போது கூரையில் நடக்கும் ஆள் படம் ஒளிரும் என்று தங்கை அப்புறம்தான் சொன்னாள். அம்மா பார்த்தது முன் கண்ணாடியை, கூரையை யார் பார்ப்பார்கள்? மனிதர் முகம் இருக்கும் உயரத்தில் பெரிதாக ஒரு விளக்கு வைக்க வேண்டும்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பே நகரில் ஊபரின் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மீது மோதி அவர் இறந்துபோனார். மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே கருவி அவரைக் கண்டிருந்தது, வண்டியா, சைக்கிளா என்று மாற்றி மாற்றி எண்ணியதே தவிர, கிராசிங் இல்லாத இடத்திலும் ஆள் கடப்பார் என்று அதற்குச் சொல்லியே வைக்கவில்லை என்பது அமெரிக்க விசாரணையில் தெரிந்தது. அதற்குப் பிறகு இந்தத் தொழில்நுட்பம் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது, சரி. ஆனாலும் டர்பன் வார்விக் ஜங்ஷனை நினைத்துப் பாருங்கள், தினமும் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போகிற இடம், தலையில் மூட்டையோடு பெண்கள், தள்ளுவண்டிக்காரர்கள், எல்லோரும் நினைத்த இடத்தில் கடக்கிறவர்கள், அதுவும் ஒரு பார்வை, ஒரு கையசைவை நம்பி.

வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் முதல் நாளே அந்தக் கூரைப் படத்தைக் காட்டிக் கொடுங்கள். நான்காம் நாள் அம்மா தனியாகவே கடந்தார், கையை மட்டும் இறக்கவே இல்லை.