எஸ்.இ.ஓ. ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சை, சைட் மேல் கூகுள் நடவடிக்கை: எங்களுக்கு நடந்தது

எங்கள் வெப்சைட்டின் எஸ்.இ.ஓ. வேலையை (கூகுள் தேடலில் சைட்டை மேலே கொண்டுவரும் வேலை) ஒரு ஏஜென்சியிடம் பதினோரு மாதம் கொடுத்திருந்தோம். மாதம் தவறாமல் ரிப்போர்ட் வந்தது, மாதம் தவறாமல் பணமும் போனது. கடைசியில்தான் தெரிந்தது, ஐந்து மாதங்களுக்கு முன்பே எங்கள் சைட் மேல் கூகுள் நடவடிக்கை எடுத்திருக்கிறது என்று. அந்த ஐந்து மாத ரிப்போர்ட்டிலும் அம்புக்குறி மேலே பார்த்துத்தான் இருந்தது. ஏஜென்சியின் பெயர் இங்கே வேண்டாம். நடந்த விதத்தைச் சொல்கிறேன், இதே இடத்தில் இன்னொருவர் மாட்டாமல் இருக்கட்டும்.

ஆரம்பத்தில் இரண்டு பேரிடம் பேசினோம். ஒருவர், "நாலு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் வரைக்கும் ஆகலாம் சார். முதல் இடம் வரும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது. முதல்ல சைட்லயே சரி பண்ண வேண்டியது நிறைய இருக்கு" என்றார். இன்னொருவர், "மூணே மாசம், இருபது கீவேர்ட், முதல் பக்கம், கேரண்டி" என்றார். கீவேர்ட் என்றால் மக்கள் தேடலில் தட்டும் சொற்கள். நாங்கள் கேரண்டியை எடுத்துக்கொண்டோம். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளின் உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. நாலு மாதம் முதல் ஒரு வருடம் என்ற கணக்கும் 2017இல் கூகுள் வெளியிட்ட வீடியோவில் சொன்னதுதான். நாங்கள் வேண்டாம் என்று அனுப்பிவிட்டவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். இது எங்கள் தவறு.

மூன்று மாதத்தில் இருபது கீவேர்டும் முதல் பக்கம் வந்தன. பொய் இல்லை. ஆனால் அவை என்ன கீவேர்ட்கள்? ஏழெட்டில் எங்கள் நிறுவனத்தின் பெயரே இருந்தது. பெயரைப் போட்டுத் தேடுகிறவருக்கு நாங்கள் வராமல் வேறு யார் வருவார்கள்? மீதியெல்லாம் ஐந்தாறு சொற்களைக் கோத்துச் செய்த வாக்கியங்கள். அப்படி யாரும் தேடுவதில்லை, அதனால் போட்டியும் இல்லை. ஒப்பந்தம் போடும்போதே அந்தப் பட்டியலை வரி வரியாகப் படித்து, "இதை யார் தேடுவார்கள்?" என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வந்த ரிப்போர்ட்களில் இம்ப்ரெஷன் வரைபடம்தான் பெரிதாக இருக்கும். தேடல் முடிவில் நம் லிங்க் வந்தாலே அது ஒரு இம்ப்ரெஷன். அதை யாராவது அழுத்தினார்களா என்பது வேறு கணக்கு. கிளிக் கணக்கையும் காட்டினார்கள், ஆனால் எங்கள் பெயரைத் தேடி வந்தவர்களையும், பெயர் தெரியாமல் தேவையைத் தேடி வந்தவர்களையும் பிரிக்கவே இல்லை. அதே சமயத்தில் நாங்கள் தனியாக விளம்பரம் செய்துகொண்டிருந்தோம். அதைப் பார்த்து எங்கள் பெயரைத் தேடியவர்களெல்லாம் ஏஜென்சியின் "ஆர்கானிக் வளர்ச்சி"யில் (விளம்பரம் இல்லாமல் தேடலில் வரும் வளர்ச்சி) சேர்ந்துவிட்டார்கள். வியாபாரம் சூடுபிடிக்கும் மாதத்தை அதற்கு முந்தைய மந்தமான மாதத்தோடு ஒப்பிட்டார்கள். போன வருடத்தின் அதே மாதத்தோடு ஒரு தடவைகூட ஒப்பிடவில்லை. டொமைன் அத்தாரிட்டி ஏறியிருக்கிறது என்று ஒரு பக்கம். அது மாஸ் (Moz) என்ற நிறுவனம் ஒரு சைட்டின் பலத்துக்குப் போடும் மதிப்பெண், கூகுள் அதை வைத்து யாருக்கும் ரேங்க் கொடுப்பதில்லை.

என்கொயரி கூடவில்லையே என்று கேட்டால், "கோர் அப்டேட் வந்திருக்கு சார், கொஞ்சம் ஆடும்" என்பார்கள். கோர் அப்டேட் என்பது கூகுள் தன் தரவரிசை முறையில் செய்யும் பெரிய மாற்றம். அது உண்மைதான், வருடத்தில் சில தடவை வரும். ஆனால் நம் சைட்டில் எந்தப் பக்கம் இறங்கியது, எந்தத் தேடலுக்கு இறங்கியது, எந்தத் தேதியிலிருந்து என்று காட்டலாம் அல்லவா? கேட்டபோதெல்லாம் அடுத்த மீட்டிங்கில் பார்க்கலாம் என்றார்கள்.

சைட் தேடலில் எப்படி வருகிறது என்று கூகுளே காட்டும் சர்ச் கன்சோல் அவர்கள் கணக்கில்தான் இருந்தது. எங்களுக்கு வந்தது பி.டி.எஃப். மட்டும். பதினோராவது மாதம் எங்கள் டெவலப்பர் டொமைனின் டி.என்.எஸ்.ஸில் (டொமைன் பெயருக்கான அமைப்புகளில்) ஒரு பதிவைச் சேர்த்து, எங்களையும் உரிமையாளராக்கினார். பத்து நிமிட வேலை. அதில் ஒரு வசதி உண்டு: புதிதாக உள்ளே வருகிறவருக்கும் பழைய அறிவிப்புகள் தெரியும். திறந்ததும் கண்ணில் பட்டது அதுதான், இயற்கைக்கு மாறான லிங்க்குகளுக்காகக் கூகுள் ஊழியரே பார்த்து எடுக்கும் நடவடிக்கையான மேனுவல் ஆக்‌ஷன். ஐந்து மாதப் பழைய அறிவிப்பு. காசு கொடுத்து வாங்கிய பேக்லிங்க்குகள் (வேறு சைட்களில் நம் சைட்டைக் காட்டும் லிங்க்குகள்), எங்கள் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத சைட்களிலிருந்து.

ஏஜென்சிக்காரருக்குப் போன் செய்தேன். "கிளையன்ட்டைப் பயமுறுத்த வேண்டாம்னுதான் சார் சொல்லல" என்றார். பணம் போனதைவிட இந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது. அன்றே சொல்லியிருந்தால் அன்றே லிங்க்குகளை நீக்க ஆரம்பித்திருப்போம். கோபப்பட்டிருப்பேன், அது நிஜம். ஆனால் கோபத்தோடு வேலையும் நடந்திருக்கும். அவர் மறைத்த ஐந்து மாதமும் அதே மாதிரி லிங்க்குகளை வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

அவர்களை நிறுத்தியதும், சைட்டுக்கு வருகிறவர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸில் எங்கள் அனுமதியை எடுத்துவிட்டார்கள். அதில் எங்கள் சைட்டுக்கான பதிவை (பிராபர்ட்டி) அவர்கள் தங்கள் கணக்கில் உருவாக்கியிருந்ததால் எங்கள் பழைய தரவு எதுவும் கையில் இல்லை. லிங்க் போட்ட சைட்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டோம், நீக்காதவற்றை, கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் டிஸ்அவோ கோப்பில் சேர்த்தோம், மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தோம். முதல் தடவை நிராகரித்தார்கள், இரண்டாவதில் நடவடிக்கை நீங்கியது. பழைய இடங்கள் இன்னும் திரும்பவில்லை.

யாரிடமாவது இந்த வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள் என்றால், சர்ச் கன்சோலில் பயனர்கள் பட்டியலைத் திறந்து உங்கள் பெயருக்கு நேரே உரிமையாளர் என்று இருக்கிறதா பாருங்கள். அனலிட்டிக்ஸ் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும், ஏஜென்சிக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். மேனுவல் ஆக்‌ஷன் பக்கத்தை மாதம் ஒரு தடவை நீங்களே பாருங்கள். சர்ச் கன்சோலின் செயல்திறன் பக்கத்தில் உங்கள் பெயர் வரும் தேடல்களை வடிகட்டி நீக்கிவிட்டு, மீதிக் கிளிக்கைப் போன வருடத்தோடு ஒப்பிடுங்கள். பதினாறு மாதத் தரவு அங்கேயே இருக்கும்.

முதலில் வேண்டாம் என்று அனுப்பினோமே, அவரிடமே போய் மன்னிப்புக் கேட்டு வேலையை ஒப்படைத்தோம். அவருடைய முதல் ரிப்போர்ட் ஒரே பக்கம். "பெயர் சாராத கிளிக் இந்த மாதம் கூடவில்லை" என்பதுதான் முதல் வரி. கீழே காரணம், செய்த வேலை, அடுத்து செய்யப்போவது. கடைசியில், எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு பக்கங்களுக்கான விவரம் பன்னிரண்டு நாளாக வரவில்லை என்று எழுதியிருந்தார். அன்று மாலையே அனுப்பிவிட்டோம்.