கார்புரேட்டர் வேவ் நல்லதா, எஃப்ஐ வேவ் நல்லதா?

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மியான்மரில் எங்கள் ஊரான மோல்மீனிலிருந்து செட்சே கடற்கரைக்கு ஏழு வண்டி கிளம்பினோம். தம்புசாயாட் வருவதற்குள் இரண்டு வண்டி வழியிலேயே நின்றுவிட்டது. ஒன்று என்னுடைய ஹோண்டா வேவ் 125, கார்புரேட்டர் வண்டி. இன்னொன்று என் மச்சானுடைய வேவ் 110ஐ (110i), எஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் பம்பும் இன்ஜெக்டரும் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டி. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: முடோன் தாண்டி சாலையோரத்தில் ஒரே கடையில் வாங்கி ஊற்றிய பாட்டில் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தது.

என் வண்டிக்குப் பத்து நிமிடம் ஆனது. கார்புரேட்டருக்கு அடியில் ஒரு சின்ன டிரெயின் ஸ்க்ரூ இருக்கிறது அல்லவா, அதை ஸ்க்ரூடிரைவரால் அரைச் சுற்று தளர்த்தி, வழிந்ததைத் தண்ணீர் பாட்டில் மூடியில் பிடித்துப் பார்த்தேன். பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் முத்து முத்தாகத் தனியே உருண்டது. கொட்டிவிட்டு மறுபடி பிடித்தேன், மூன்றாவது முறை சுத்தமாக வந்தது. ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு நாலு உதை உதைத்ததும் கிளம்பிவிட்டது. மச்சானின் வண்டியை அப்படிச் செய்ய வழியில்லை. டேங்க் சீட்டுக்கு அடியில், பம்ப் டேங்குக்கு உள்ளே. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் போய் உட்கார்ந்துவிடும், பம்ப் உறிஞ்சுவதும் அந்த அடியைத்தான். ஒருவர் பின்னால் வந்து காலால் தள்ளித் தள்ளித் தம்புசாயாட்டில் ஒரு மோன்காரச் சயாவின் (மெக்கானிக்கின்) பட்டறைக்குக் கொண்டுபோனோம். அவர் பம்பை வெளியே எடுத்து, டேங்கைத் துணியால் துடைத்து, திரும்ப மாட்டுவதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் எல்லாரும் ஒரே பேச்சு, எஃப்ஐ நம் ஊருக்கு ஆகாது என்று. நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கார்புரேட்டர் வண்டியை வைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன். மூன்று வருடமாக இரண்டு வண்டியும் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கின்றன, இரண்டுக்கும் ஆயில் மாற்றுவது நான்தான்.

முதலில் பொதுவானதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே 1958இல் வந்த சூப்பர் கப்பின் வழி வந்தவைதான்: கிளட்ச் லீவர் கிடையாது, நாலு கியர், படுக்கை இன்ஜின், 17 அங்குலச் சக்கரம். செயின் தொய்வு, பிரேக், வால்வு கிளியரன்ஸ், எல்லா வேலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே நனைந்துகொண்டிருப்பதால் இரண்டுக்கும் ஜேசோ எம்ஏ என்று போட்ட ஆயில்தான் வேண்டும். விலை குறைவு என்று கார் ஆயிலை ஊற்றினால், அதிலுள்ள வழுக்கும் மருந்து கிளட்சையும் வழுக்க வைக்கும், ரேஸ் ஏறும், வண்டி போகாது. இதில் கார்புரேட்டர், எஃப்ஐ என்ற பேதமில்லை.

வித்தியாசம் தொடங்குவது காலையில். ஜூலை, ஆகஸ்டில் எங்கள் ஊர் மழை தெரிந்ததுதானே, வண்டி இரவெல்லாம் ஈரத்தில் நிற்கும். எனக்குச் சோக் இழுத்து, ஆறேழு உதை, அப்புறம் இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டால்தான் மிஸ்ஸிங் இல்லாமல் இழுக்கும். மச்சான் சாவியைத் திருப்புவான், பம்ப் 'ங்ஙீ' என்று இரண்டு விநாடி ஓடி நிற்கும், பொத்தானைத் தொட்டால் கிளம்பிவிடும். மார்க்கெட்டுக்குப் போகும் என் அம்மாவை அந்த வண்டியின் பின்னால்தான் உட்கார வைக்கிறோம்.

பெட்ரோல் கணக்கும் எடுத்துப் பார்த்தேன். முன்பு கம்பெனி போட்ட ஸ்டாக் பிஸ்டனோடு இருந்தபோது என் 125 லிட்டருக்கு 48 கிலோமீட்டர் கொடுத்தது, 110ஐ 61 கொடுத்தது. டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, ஒரு வாரம் ஓட்டி, மறுபடி கழுத்துவரை நிரப்பிப் பார்த்த கணக்கு. இன்ஜின் அளவு வேறு என்பதால் முழு வித்தியாசமும் எஃப்ஐயால் வந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெட்ரோல் விலை ஏறிய பிறகு இதை ஒதுக்கித் தள்ள முடியாது.

மலை ஏறும்போதும் எஃப்ஐக்குத்தான் வெற்றி. 2018இல் கலோ, டவுஞ்ஜி பக்கம் போயிருந்தேன். டவுஞ்ஜி சுமார் 1,400 மீட்டர் உயரம், கடலோரத்தைவிடக் காற்றழுத்தம் அங்கே ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே ஊற்றின அளவிலேயே அங்கேயும் பெட்ரோலை ஊற்றும். பிளக் கரி பிடித்துப் போனது, இழுவை செத்துப் போனது. நான் போட்டிருந்த 24 மில்லிமீட்டர் கார்புரேட்டரில், பெட்ரோல் வழியை அடைக்கும் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றி, அதாவது ஊசியைக் கீழே இறக்கி, அப்புறம்தான் ஓட்ட முடிந்தது. எஃப்ஐயில் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இருப்பதால் இந்த வேலையே இல்லை.

சரி, அப்படியானால் நான் ஏன் இன்னும் கார்புரேட்டரை விடவில்லை? போர்-அப்புக்காகத்தான், அதாவது பெரிய பிஸ்டன் போட்டு இன்ஜினைப் பெரிதாக்குவதற்காக.

வேவ் 125 ஸ்டாக் பிஸ்டன் விட்டம் 52.4 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 57.9. நான் 57 மில்லி பிஸ்டன் போட்டிருக்கிறேன், கணக்குப் போட்டால் 148 சிசிக்குக் கொஞ்சம் குறைவு. பிஸ்டன் ஏறியதும் பெட்ரோலும் கூட வேண்டும், கார்புரேட்டரில் அதற்கு மெயின் ஜெட்டை மாற்றினால் போதும், பித்தளையில் நகம் அளவு ஒரு துண்டு. நாலு அளவு வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போட்டு, கியாய்க்மராவ் சாலையில் முழு ரேஸில் ஒரு மைல் ஓட்டி, ரேஸில் இருக்கும்போதே இன்ஜினை ஆஃப் செய்து, ஓரங்கட்டிப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பேன். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் அதிகம். பாலில்லாத டீயின் நிறம் வந்தால் சரி. எனக்கு மூன்றாவது ஜெட்டில் அந்த நிறம் வந்தது. முனையில் அந்தப் பழுப்பைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை, இந்த வேலையைத் தன் கையால் செய்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதையே எஃப்ஐயில் செய்யப்போய் எங்கள் கூட்டத்துப் பையன் ஒருவன் ஒரு இன்ஜினைத் தொலைத்தான். 110ஐயின் 50 மில்லி பிஸ்டனை எடுத்துவிட்டு 57 போட்டான், கேஸைக் கடைசல் பட்டறையில் கொடுத்துப் பெரிதாக்கி. 109 சிசி 142 ஆகிறது, சுமார் 30 சதவீதம் கூடுதல். வண்டியின் கம்ப்யூட்டரான இசியு தானாகவே சரிசெய்துகொள்ளும் என்று கிட் விற்ற கடையில் சொல்லியிருக்கிறார்கள். இது பாதிதான் உண்மை. மெதுவாக, ஒரே சீராக ஓட்டும்போது சைலன்சரில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு இசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். முழு ரேஸ் கொடுக்கும்போது சென்சாரைக் கேட்காது, கம்பெனியில் எழுதி வைத்த கணக்குப்படி ஊற்றும், அந்தக் கணக்கு 109 சிசிக்கு எழுதியது. அவன் தட்டோன் சாலையில் முறுக்கிக்கொண்டு போனான், பெட்ரோல் போதாமல் இன்ஜின் கொதித்து, பிஸ்டன் உருகிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டும் அவன் விழாமல் தப்பித்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அவன் வீட்டில் அவன் ஒரே பிள்ளை.

எஃப்ஐயில் போர்-அப் முடியாது என்று சொல்லவில்லை. பெரிய இன்ஜெக்டர் வேண்டும், கணக்கை மாற்றி எழுதக்கூடிய இசியு வேண்டும், எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். தாய்லாந்தில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். இங்கே அங்கிருந்து வரவழைத்தால் பிஸ்டன் கிட்டைவிட இசியுவுக்குத்தான் அதிகம் கொடுக்க வேண்டியிருக்கிறது, அதற்கப்புறமும் ஆளைத் தேட வேண்டும். ஆகவே 110ஐ வைத்திருக்கும் தம்பிகள் பிஸ்டனில் கை வைக்காதீர்கள். ஓட்டம் வேண்டுமென்றால் முன் பல்சக்கரத்தில் ஒரு பல் கூட்டிப் பாருங்கள், 14 இருந்த இடத்தில் 15 போட்டால் கியர் 7 சதவீதம் நீளும், நேர்ச் சாலையில் இன்ஜின் அலறாமல் போகும். இரண்டு பேரோடு மேடு ஏறுவதுதான் வழக்கம் என்றால் அதுவும் வேண்டாம், இழுவை குறையும். டயரும் பிரேக் ஷூவும் நல்லதாகப் போட்டாலே வண்டி வேறு வண்டியாகிவிடும்.

ஹை-கம்ப்ரஷன் பிஸ்டன் இரண்டு வண்டிக்குமே வேண்டாம். பங்கில் ஆக்டேன் 95 பெட்ரோல் கிடைக்கும், இயே போகும் வழியில் கிராமத்தில் பாட்டில்தான் கிடைக்கும், அதில் 92க்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அதை ஊற்றினால் ஹை-கம்ப்ரஷனில் இன்ஜின் தட்டும்.

இனி அந்த எஃப்ஐயைப் பழுதில்லாமல் வைத்துக்கொள்வது எப்படி என்று பார்ப்போம். பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. பாட்டில் பெட்ரோல் வாங்கினால் உடனே கவிழ்க்காமல், வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து அடியைப் பாருங்கள், தண்ணீர் இருந்தால் கோடு பிரித்துத் தெரியும். தெரியாவிட்டாலும் கடைசி இரண்டு விரல் அளவை ஊற்றாமல் விட்டுவிடுங்கள். அன்று இதைச் செய்திருந்தால் தம்புசாயாட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க மாட்டோம். டேங்கை முள் சிவப்புக்குப் போகும்வரை காய விடாதீர்கள், பம்புக்குச் சூடு தணிவதே சுற்றியிருக்கும் பெட்ரோலால்தான். பேட்டரி கொஞ்சம் தளர்ந்திருந்தால் உதைத்துக் கிளப்பிவிடலாம், முழுக்கச் செத்துவிட்டால் பம்ப் அழுத்தம் கட்டாது, அதனால் மழைக்காலம் தொடங்கும் முன்பே பேட்டரியைப் பார்த்துவிடுங்கள்.

டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் சயாவைத் தேடி ஓடவும் வேண்டாம். இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டு, விளக்கு எப்படிக் கண் சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். நீளச் சிமிட்டல் ஒன்றுக்குப் பத்து, குட்டைச் சிமிட்டல் ஒன்றுக்கு ஒன்று. ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் 12, இன்ஜெக்டர். இரண்டு நீளம், ஒரு குட்டை 21, ஆக்சிஜன் சென்சார். வெறும் ஒன்பது குட்டை என்றால் காற்று வெப்பத்தை அளக்கும் சென்சார். பாதி நேரம் கனெக்டருக்குள் தண்ணீர் போயிருக்கும், கழற்றி ஊதி, காய வைத்து மாட்டினால் போய்விடும். கார்புரேட்டர் தன் நோயை இப்படிச் சொல்லாது, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பழைய எஃப்ஐ வண்டி வாங்குகிறவர்கள் சாவி போட்டதும் அந்த விளக்கு ஒருமுறை எரிந்து அணைகிறதா என்று கட்டாயம் பாருங்கள். எரியவே இல்லையென்றால் பழுதை மறைக்க யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம். நம்பர் உள்ள வண்டியானாலும், நம்பர் இல்லாத விதவுட் வண்டியானாலும் இதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

என் அக்கா மகனுக்கு இந்த மாதம் முடோன் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது. தினமும் போக வர வண்டி வேண்டும், "எது மாமா வாங்க?" என்று கேட்டான். பட்டறையில் உட்காரும் பொறுமை அவனுக்குக் கிடையாது, பெட்ரோல் காசும் அவன் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். ஒரு 110ஐ பார்த்து வைத்திருக்கிறோம், விளக்கு எரிந்து அணைந்தது. பம்பைக் கழற்றினால் மாற்ற வேண்டிய ஓ-ரிங் ஒன்று, ஃபில்டர் ஒன்று, இரண்டையும் முதல் சம்பளத்திலேயே வாங்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, சீட்டுக்கு அடியில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.