கயாக்கில் 9 அடி ராடா, 7 அடி ராடா?

கரையில் தூண்டில் போட்டுப் பழகியவர்கள் கயாக் என்ற ஒடுக்கமான துடுப்புப் படகை வாங்கியதும், கற்களில் நின்று வீசிய அதே 9 அடி ராடை, அதாவது தூண்டில் கோலைத் தூக்கிக்கொண்டு கழிமுகத்தில் இறங்கிவிடுகிறார்கள். கயாக்குக்கே காசு கரைந்த பிறகு இன்னொரு ராடு வாங்க யாருக்கு மனம் வரும்? ஆனால் நீள ராடுக்குக் கரையில் இருக்கும் நியாயம் கயாக்கில் பாதிகூடக் கிடையாது.

கரையில் நீளம் வேண்டும். அலை உடையும் இடத்தைத் தாண்டி வீசவும், லைன் பாறையில் உரசாமல் தூக்கிப் பிடிக்கவும் அதுதான் உதவுகிறது. கயாக்கிலோ மீன் இருக்கும் இடத்துக்கு நாமே துடுப்புப் போட்டுப் போய்விடுகிறோம். அங்கே நீளத்துக்கு உருப்படியான வேலை ஒன்றே ஒன்றுதான். மாட்டிய கொடுவா மீன் அணியத்தை, அதாவது கயாக்கின் முன்முனையைச் சுற்றி மறுபக்கம் பாய்ந்தால், ராடின் நுனியை முன்னால் நீட்டி லைனை அணியத்துக்கு அப்பால் கடத்திவிட வேண்டும். 12 அடி கயாக்கில் நாம் உட்காரும் இடத்திலிருந்து அணியம் சுமார் 6 அடி தள்ளி இருக்கும். கையை நன்றாக நீட்டினால் 7 அடி ராடு அதற்குப் போதும். ஆறடிக்கும் குட்டையானதை எடுத்துப் போனால்தான் எட்டாமல் திண்டாடுவோம்.

உண்மையான வித்தியாசம் மீன் பக்கத்தில் வந்த பிறகு தெரியும். மீன் கைக்கு எட்ட வேண்டுமென்றால் நுனிக்குக் கீழே ஏறக்குறைய ராடின் நீளத்துக்கு லைன் வெளியே இருக்க வேண்டும். 7 அடி ராடை ஒரு பக்கமாக உயர்த்தினாலே மீன் வலைக்கு வந்துவிடும். 9 அடியில் ராடு பிடித்த கை தலைக்குப் பின்னால் போகிறது, வலை பிடித்த கை தண்ணீரை நோக்கிக் குனிகிறது, இடுப்பு முறுக்கிக்கொள்கிறது. அந்த நேரம் பார்த்துக் கொடுவா தலையை உதறினால் கயாக் ஒரு பக்கம் சாயும். ராடுக்கும் அதே நொடியில்தான் ஆபத்து. அடிப்பிடி செங்குத்தைத் தாண்டிப் பின்னால் சாய்ந்ததும், சுமை தடித்த அடிப்பாகத்தை விட்டு மெல்லிய நுனிக்குப் போய்விடும். கார்பன் ராடு ‘டக்’கென்று முறியும். ஃபைபர்கிளாஸ் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், ஆனால் கை வலிக்கும் கனம்.

கையில் இருப்பது 9 அடி ராடுதான் என்றால் மீனை ராடால் தூக்க முயலவே வேண்டாம். மீன் ஓய்ந்த பிறகு ரீலின் பிரேக்கான டிராகைத் தளர்த்தி, ராடை ஹோல்டரில் வைத்துவிட்டு, தூண்டில் முள்ளை ஒட்டியுள்ள லைன் துண்டான லீடரைப் பிடித்து இழுங்கள். லீடரைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. மீன் மறுபடி பாய்ந்தால் விரலோடு போகும், இல்லாவிட்டால் தூண்டில் முள் உள்ளங்கையில் ஏறும்.

ஃபைபர் படகில் கதை வேறு. அகலம் இருக்கிறது, ஒருவர் ராடைப் பிடிக்க இன்னொருவர் வலை போடலாம், 9 அடி அங்கே தொல்லை தராது. யார் எந்தப் பக்கம் வீசுவது என்று மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ராடைத் தொலைக்காமல் இருக்க இரண்டு வழி: ராடைக் கயாக்கோடு கட்டும் கயிறு, ராடில் மாட்டும் மிதவை. உப்பங்கழி மாதிரி அமைதியான தண்ணீரில் என் ஓட்டு கயிற்றுக்கே. பிடியில் மாட்டும் நுரைக்குழாய் ராடை மிதக்க வைக்கலாம், ஆனால் வற்றம், அதாவது கடல் வற்றும் நீரோட்டம், இழுக்கும் நேரத்தில் மிதந்த ராடு நம்மை விட்டுப் போய்க்கொண்டே இருக்கும். கனமான ரீலை அந்தக் குழாய் தாங்குமா என்பதையும் இடுப்பளவுத் தண்ணீரில் விட்டுப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். ஆனால் அலையைக் கடந்து கடலில் இறங்கும்போதோ கரையேறும்போதோ கயிறே எமன். கவிழ்ந்தால் காலில், கழுத்தில் சுற்றும். அங்கே எல்லாக் கயிற்றையும் கழற்றிவிட வேண்டும்.

இருக்கைக்குப் பின்னால் உள்ள ஹோல்டரில் 9 அடி ராடை நட்டால் கொடிக்கம்பம் மாதிரி நிற்கும். முன்னால் பார்த்துத் துடுப்புப் போடுகிறவருக்கு அது கண்ணில் படாது. அலையாத்திக் கிளையில் நுனி மாட்டும், நீரோட்டம் கயாக்கைத் தள்ளிக்கொண்டே போகும், ராடு வில்லாக வளைந்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பார். வாய்க்கால் மேலே மின்கம்பி போனால் இன்னும் மோசம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். பாலம், கம்பி, மரம் எது வந்தாலும் முன்கூட்டியே ராடைப் படுக்க வைத்துவிடுங்கள். இடி இடித்தால் கரைக்குத் திரும்புங்கள். 7 அடி ராடுக்கும் இதே விதிதான், மாட்டும் வாய்ப்பு கொஞ்சம் குறைவு, அவ்வளவே.

ஒரே ஒரு இடத்தில் 9 அடி ஜெயிக்கிறது. அது பெரும்பாலும் இரண்டு துண்டாக வரும். கழற்றினால் நாலரை அடி, பெரிய மூடி உள்ள கயாக்கின் வயிற்றுக்குள் அடங்கிவிடும், அலையில் கவிழ்ந்தாலும் பத்திரம். ஒரே துண்டாக வரும் 7 அடி ராடைப் பல கயாக்குகளில் உள்ளே நுழைக்கவே முடியாது. அதனால் கடலுக்குப் போகிறவர் 7 அடி வாங்கினாலும் இரண்டு துண்டாக வாங்குவது நல்லது.